கையையும் ஊன்றி ஏறும் மலை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா, நான் ஆவணியில் வரும்போது வேல்ஸில் ட்ரவன் என்ற மலைக்கு ‘ஸ்க்ராம்பிளிங்’ கூட்டிப்போகிறாராம், கைடுக்கும் காசு கட்டிவிட்டாராம். கோணேசர் கோயிலுக்கு ஏறுவதுதான் நான் கண்ட மலையேற்றம். அது நடையா, கயிறு கட்டி ஏறுவதா? கைடு தேவைதானா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டுக்கும் நடுவில், தங்கச்சி. நடக்க முடியாத அளவுக்குச் செங்குத்து, ஆனால் கயிறு இல்லாமலே கையால் பிடித்து ஏறிவிடலாம் என்ற மாதிரிப் பாறை. பிரித்தானியாவில் இதை 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். 3 என்றால் பல இடங்களில் கயிறு வேண்டிவரும். ட்ரவனின் வடக்கு முகடு 1. மலை 917 மீட்டர்தான், நம் பிதுருதலாகலையோடு பார்த்தால் பாதிகூட இல்லை, ஆனால் உயரத்தை வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ரோட்டோரத்திலிருந்தே பாறைதான், கை ஊன்றாமல் உச்சிக்குப் போக வழியே கிடையாது என்பார்கள்.

கைடு தேவைதான். ஏற்றிவிடுவதற்கு அல்ல, ஏற உங்களால் முடியும். அந்த முகட்டில் ஒரே பாதை என்று ஒன்று இல்லை, பத்துப் பேர் தேய்த்த தடம் பத்துப் பக்கம் போகும், அதில் ஒன்று உங்களை இறங்கவும் முடியாத ஒரு விளிம்பில் கொண்டுபோய் விடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. நல்ல கைடு அந்த மூலைக்குப் போகவே விடமாட்டார், மேகம் இறங்கினால் ‘சரி, திரும்புவோம்’ என்றும் சொல்வார். அந்தச் சொல்லுக்குத்தான் காசு!

அண்ணாவிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: கைடு ‘மவுண்டன் லீடர்’ மட்டுமா, ‘மவுண்டெனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்’ தகுதி உள்ளவரா? முதல் தகுதி, கயிறு போடத் திட்டமிடும் பயணத்துக்குப் பொருந்தாது. பயந்த ஆளைக் கயிற்றில் பிடித்து நகர்த்தத் தெரிந்தவர் இரண்டாமவர்.

உச்சியில் ஆதாம், ஏவாள் என்று இரண்டு கல் நிற்கும், ஆள் உயரத்துக்கும் மேலே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாய்வது அங்கே ஒரு வழக்கம். இடைவெளி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், தரையில் என்றால் யோசிக்காமல் தாண்டுவீர்கள், ஆனால் ஒரு பக்கம் கிழக்குச் சரிவு அப்படியே கீழே போகிறது. பாயாதீர்கள். அண்ணா பாய்ந்தால் படம் எடுங்கள், அது போதும்.

சப்பாத்து: அடி கெட்டியாக, விரல் நுனியால் சிறு விளிம்பில் நிற்கக் கூடியதாக. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஆவணி அங்கே கோடைதான், என்றாலும் மழை எந்த நேரமும் வரும், நம் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு உச்சிக் காற்று குளிரும், கம்பளித் தொப்பி பையில் இருக்கட்டும். ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பாறையில். முழங்காலை ஊன்றாதீர்கள், எழும்பும்போது நிலை தடுமாறும்.

கேள்வி: இங்கேயே இப்படி ஏற இடம் இல்லையா?
– வாசகர், மூதூர்

பதில்: இருக்கிறது. நக்கிள்ஸ் பக்கம் மீமுரே கிராமத்துக்கு மேலே லக்கேகல. கண்டி, ஹுன்னஸ்கிரிய வழியாகப் போக வேண்டும். பார்க்க அழகு, ஏற ஆபத்து. மீமுரே ஆட்களில் ஒருவர் கூட வராமல் அடிவாரத்தைத் தாண்டாதீர்கள். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டைக்கும் தயாராகப் போங்கள், பாறையை வேறொரு நாளைக்கு விடுங்கள்.