உறைந்த பழத்தில் பூச்சிமருந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெளிநாட்டு ஸ்ட்ராபெரி, புளூபெரி பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் வைத்து, பையனுக்கு ஸ்மூத்தி அடித்துக் கொடுக்கிறேன். இறக்குமதிப் பழங்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்கிறார்களே, உறைய வைத்ததில் அது போயிருக்காதா? (வாசகி, கோவை)

பதில்: போகாது. ஆய்வுக்கூடங்களிலேயே, எச்சம் பார்க்க வந்த மாதிரிகளைச் சோதிக்கும் நாள்வரை மருந்து சிதையக் கூடாது என்று ஃப்ரீசரில்தான் வைக்கிறார்கள். உறைய வைக்கும் முன் ஆலையில் பழத்தைக் கழுவுவார்கள், அதில் மேலே ஒட்டியிருப்பது கொஞ்சம் போகும். செடி உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும் வகை மருந்து எத்தனை கழுவினாலும் போகாது, ஸ்ட்ராபெரிக்கு உரித்து எறியத் தோலும் கிடையாது.

கேள்வி: பழத்தில் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் என்றால் விஷம் என்றுதானே அர்த்தம்? (வாசகர், திருச்சி)

பதில்: அப்படி இல்லை. அந்த வரம்பு, விவசாயி முறைப்படி அடித்தால் பழத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வைத்துப் போடுவது. ஒரு மருந்துக்கு வரம்பே நிர்ணயிக்கவில்லை என்றால் ஐரோப்பாவிலும் சரி, இந்தியாவிலும் சரி, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான், அதாவது 100 டன் பழத்தில் 1 கிராம். உடம்புக்கான கணக்கு வேறு: விலங்குச் சோதனையில் பாதிப்பே தெரியாத அளவை எடுத்து, வழக்கமாக 100-ஆல் வகுத்து, ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்ற அளவாக வைக்கிறார்கள். அதனால் வரம்பு கொஞ்சம் தாண்டியதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் குளோர்பைரிஃபாஸ் மாதிரி பூச்சிமருந்துகளில் நான் இவ்வளவு சாவகாசமாகப் பேச மாட்டேன். குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய கவலையும் சேர்ந்து, பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் கைவிரித்தது, 2020-ல் அங்கே தடையும் வந்தது. அப்புறம், வெளிநாட்டுப் பழம் மட்டும்தான் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள், 2010-ல் நம் திராட்சையையே குளோர்மெக்வாட் என்ற பயிர் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தின் எச்சத்துக்காக ஐரோப்பா திருப்பி அனுப்பியது.

கேள்வி: பேக்கிங் சோடா தண்ணீரில் ஊற வைத்தால் போதுமா? (வாசகி, மதுரை)

பதில்: அமெரிக்காவில் 2017-ல் ஆப்பிளில் செய்து பார்த்தார்கள், 12 முதல் 15 நிமிஷம் ஊறியதில் தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகளும் போயின, உள்ளே இறங்கியது அப்படியே இருந்தது. அது முழு ஆப்பிள். உறைந்த பெரியைத் தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும், சாறுதான் வீணாகும்.

உண்மையில் உறைந்த பெரியில் நான் முதலில் பயப்படுவது வைரஸுக்கு. 2012-ல் ஜெர்மனியில், சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெரி பள்ளி உணவில் சேர்ந்து சுமார் 11,000 பேருக்கு வாந்தி, பேதி, பெரும்பாலும் நோரோவைரஸ். 2016-ல் அமெரிக்காவில் எகிப்து ஸ்ட்ராபெரி போட்ட ஸ்மூத்தியால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் நோய். இந்த வைரஸ்கள் குளிரில் சாகாது. பழத்தை அப்படியே மிக்ஸியில் போடாமல் ஒரு நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து அடியுங்கள். பூச்சிமருந்துக்கு இது வைத்தியமில்லை. அதற்கு, ஒரே பழத்தைத் தினமும் கொடுக்காமல் வாழை, கொய்யா, பப்பாளி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் வழி. பாக்கெட்டில் எந்த நாட்டுப் பழம், யார் இறக்குமதி செய்தார்கள், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இந்த மூன்றும் இல்லையென்றால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.