கிறிஸ்துமஸ் வேலைகளை டென்ஷன் இல்லாமல் முன்கூட்டியே எப்படித் திட்டமிடுவது?

கல்யாணமாகி இரண்டாவது கிறிஸ்துமஸ், வேலைக்கும் போகிறேன், வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், போன வருடம் 24-ம் தேதி ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். அந்த அழுகை எனக்குத் தெரியும்.

நான் பாளையங்கோட்டைக்காரி, பள்ளி ஆசிரியை. சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை நாலரை மணிக்கு ஆராதனை. இரண்டு மணிக்கு எழுந்தால் போதும் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள், ஆனால் பாதிப் பேர் படுத்தே இருக்க மாட்டார்கள். என் அம்மா 24-ம் தேதி ராத்திரி தூங்கி நான் பார்த்ததில்லை. அதிரசச் சட்டியை இறக்கிவிட்டு அப்படியே குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவாள். பிரசங்கம் தொடங்கினதும் தலை சாயும். பண்டிகை என்றால் இப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டு கல்யாணமாகி வந்தேன்.

2011-ல் என் மகளுக்கு ஐந்து வயது. 24-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு அச்சு முறுக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அச்சு புதுசு. கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெயில் கிடத்திப் பழக்கியிருக்க வேண்டும், நேரமில்லாமல் அப்படியே மாவில் முக்கிவிட்டேன். ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் வாசலில் வந்து நின்றது, இருபது பேருக்குக் காப்பி போட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை, மேஜையில் ஆற வைத்திருந்த கேக்கில் விரலை விட்டு ஒரு துண்டைப் பிய்த்துவிட்டாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பாட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கோயில் வாசலில் எடுத்த ஃபோட்டோ இன்னும் எங்கள் ஹாலில் இருக்கிறது. சிவப்பு கவுன், தலையில் பூ, கண் இரண்டும் வீங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் தூக்கக் கலக்கம் என்று நினைப்பார்கள். அந்தப் படத்தைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருடம் ஒரே ஒரு முடிவு எடுத்தேன். 24-ம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் என் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. யார் என்ன சொன்னாலும் சரி. நான் திட்டம் என்று சொல்வது இதைத்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான். நீங்களும் பட்டியலில் தொடங்காமல் அந்த நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் கோயிலில் நடுராத்திரிப் பூசை என்றால் இன்னும் முன்னாலேயே, 23-ம் தேதி ராத்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலகாரத்தில்தான் நாம் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் கடைசி. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி மில்லுக்குக் கொண்டுபோனால், ஒன்று அரிசி காயாது, இல்லையென்றால் மில்லில் கரண்ட் இருக்காது. அதனால் நவம்பரில் வெயில் அடிக்கிற ஏதோ ஒரு சனிக்கிழமையே மாவு வேலையை முடித்துவிடுவேன். இடித்த மாவை லேசாக வறுத்துச் சலித்துச் சூடு ஆறின பிறகு சம்படத்தில் போட்டால் கெடாது. அதிரசத்துக்கு மட்டும் வறுக்கக் கூடாது, ஈர மாவிலேயே பாகு ஊற்ற வேண்டும். அந்த மாவும் மூன்று நாலு நாள் இருந்தால்தான் பதமாக வரும். அவசரமாக அன்றைக்கே சுடுகிறவர்களுக்குத்தான் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும்.

முந்திரிக்கொத்து எப்படியும் இரண்டு நாள் வேலை. சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து, எள், ஏலக்காய் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி ஒரு ராத்திரி இறுக விட வேண்டும். மறுநாள் அரிசிமாவும் மஞ்சள்தூளும் கரைத்ததில் மூன்று மூன்றாக முக்கிப் பொரிக்கலாம். தேங்காயில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். அதனால் இதுதான் முதலில். அடுத்தது முறுக்கு. அச்சு முறுக்கு தேங்காய்ப்பால் சேர்க்கிறதால் 20-ம் தேதிக்கு மேல்தான் போடுவேன், ரொம்ப முன்னால் போட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அச்சை எண்ணெயில் நன்றாகக் காய வைத்து, முக்கால் பாகம்தான் மாவில் முக்க வேண்டும். மேல்விளிம்பு வரை முக்கினால் கழலாது. 2011-ல் இதைச் சொல்ல ஆள் இல்லை. எதைப் போட்டாலும் முழுவதும் ஆறின பிறகே மூடுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் நமுத்துவிடும்.

கேக்குக்குப் பழங்களை நவம்பர் கடைசியில் ஊறவைக்கிறேன். எங்கள் வீட்டில் ரம் சேர்ப்பதில்லை, கறுப்புத் திராட்சைச் சாறுதான், அதனால் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். கேக்கைப் பத்து நாள் முன்னாலேயே சுட்டு பட்டர் பேப்பரில் சுற்றி வைத்துவிடுவேன். பழக் கேக் வைக்க வைக்கத்தான் ருசி ஏறும்.

துணி தைக்கக் கொடுப்பதைத் தீபாவளிக் கூட்டம் முடிந்த அடுத்த நாளே செய்துவிடுங்கள். வெள்ளையடிப்பதை மழைக்கு முன்னால். கேஸ் சிலிண்டர் டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று நிறைந்து இருக்கட்டும். கறிக்கடையில் 20-ம் தேதியே கிலோக்கணக்கைச் சொல்லி முன்பணம் கொடுங்கள். இவ்வளவுதான், இதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

யார் யார் வருகிறார்கள் என்பது மட்டும் அக்டோபரிலேயே தெரிந்தாக வேண்டும். சென்னையில் இருக்கும் என் அண்ணனும் மைனியும் நெல்லை எக்ஸ்பிரஸில்தான் வருவார்கள். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். டிசம்பர் 23 ரயிலுக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்றைக்கு டிக்கெட் கிடைத்ததா என்று ஃபோன் செய்து கேட்டுவிட்டுத்தான் நான் அரிசிக் கணக்கே போடுவேன். உங்கள் பன்னிரண்டு பேரிலும் எத்தனை பேர் நிச்சயம் என்று இப்போதே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள் என்று தெரியும். "பண்டிகை என்றால் வேலை இருக்கத்தான் செய்யும், எங்கள் அம்மாக்கள் செய்யவில்லையா?" என்பார்கள். செய்தார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இன்னும் சிலர், வசதி இருப்பவள் பேச்சு என்பார்கள். நான் சொல்வதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை, அதே அரிசி, அதே எண்ணெய், நாள் மட்டும் வேறு. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. மிக்சரும் லட்டும் நானும் கடையில்தான் வாங்குகிறேன். ஆண்களைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரர் முறுக்குப் பிழிவதில் என்னைவிடக் கெட்டி. ஆனால் 2012-ல் நான் வாய் திறந்து கேட்ட பிறகுதான் அவர் உரலைத் தொட்டார். எனக்கு முடியவில்லை என்று அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. உங்கள் அத்தையிடமும் கணவரிடமும் எது யார் பொறுப்பு என்று டிசம்பர் பிறக்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள். 24-ம் தேதி ராத்திரி பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 வாக்கில்தான் முடிகிறது. கடைசித் தேர்வு முடிந்த சாயங்காலம் நூற்றுச் சொச்சம் விடைத்தாள்களைக் கட்டிக் கையில் கொடுத்து, பள்ளி திறக்கும் நாளன்று மதிப்பெண் வேண்டும் என்பார்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ விடைத்தாள் கட்டோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், 26-ம் தேதி திருத்தத் தொடங்குகிறேன் என்று சொன்னதற்கு, "உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். இருபது வருட சர்வீஸில் நான் ஒரு நாள்கூடத் தாமதமாக மதிப்பெண் கொடுத்ததில்லை. அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. டிசம்பரில் நம் நேரம் நம் கையில் முழுசாக இல்லை என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே செய்து வைப்பது எதற்கு உதவும் என்று எனக்கே முழுசாகப் புரிந்தது 2023-ல். டிசம்பர் 16 சனிக்கிழமையோடு முந்திரிக்கொத்தும் முறுக்கும் முடித்து ஏழு டின்களில் அடைத்து பரணில் ஏற்றியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். தாமிரபரணி கரை தாண்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அம்மா ஏரல் பக்கம் தனியாக இருந்தாள். மூன்று நாள் ஃபோன் இல்லை. அந்த மூன்று நாளில் கிறிஸ்துமஸ் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

வழி திறந்ததும் போனோம். வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. அம்மா பக்கத்து மச்சு வீட்டில் எட்டுக் குடும்பங்களோடு இருந்தாள். டின்களில் ஐந்தைக் காரில் எடுத்துப் போயிருந்தோம். அடுப்பு மூட்ட விறகும் இல்லை, கேஸும் இல்லை, பிள்ளைகள் ரொட்டி தின்று அலுத்துப்போயிருந்தார்கள். அந்த முந்திரிக்கொத்து மச்சு வீட்டில் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. அதில் கிறிஸ்தவர்கள் இரண்டு குடும்பம்தான். 23, 24 இரண்டு நாளும் சேறு அள்ளினோம். வழக்கம்போல் கடைசியில் பலகாரம் என்று நான் இருந்திருந்தால் அந்த வருடம் என் வீட்டிலும் ஒன்றும் இருந்திருக்காது, அவர்களுக்கும் கொடுத்திருக்க முடியாது.

அந்த 24-ம் தேதி ராத்திரி அம்மாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்து ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தேன். நாலு மணிக்கு எழுப்பினபோது, "என்ன பிள்ளே, இவ்வளவு நேரம் தூங்கிட்டேனா" என்று பதறிப்போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு துடைத்துக் கிடந்தது. கோயிலில் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பிரசங்கம் முடியும்வரை விழித்திருந்தாள்.

உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பழங்களை இந்த வாரமே ஊறப்போடுங்கள், நாளைக்கு வெயில் அடித்தால் அரிசியை நனையுங்கள். முதல் வருடம் ஐந்து வகை வேண்டாம், இரண்டு போதும். மற்றதைக் கடையில் வாங்கித் தட்டில் வைத்தால் வருகிறவர்கள் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் அத்தையிடம் என் பெயரைச் சொல்லுங்கள். அச்சு புதுசாக இருந்தால் கஞ்சித் தண்ணீரை மறக்காதீர்கள்.