பேசும் கணினிக்கு 2,800 ரிங்கிட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கிளாக்கோமாவால் பார்வை போய்விட்டது. நாளிதழ் வாசிக்க, மின்னஞ்சல் எழுத, தன் மடிக்கணினியைப் பேச வைத்துத் தா என்கிறார். கணினிக் கடை ஒன்றில் ‘குரல் மென்பொருள்’ என்று ஒரு பென்டிரைவைக் காட்டி 2,800 ரிங்கிட் கேட்டார்கள். குரல் மனிதர் பேசுவது போலவே இனிமையாக இருந்தது. வாங்கலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் வீட்டில் இருக்கிற கணினியிலேயே காசில்லாமல் கிடைப்பதை அப்பா கேட்டுப் பார்க்கட்டும்.

கடையில் ஒன்றாகக் காட்டியது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று திரைவாசிப்பான். எந்தப் பட்டனில் நிற்கிறோம், எந்த வரியில் இருக்கிறோம் என்று கவனித்து, எதைச் சொல்வது என முடிவு செய்வது அதன் வேலை. மற்றது அந்த எழுத்தை ஒலியாக்கும் குரல். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன.

திரைவாசிப்பானில் என்விடிஏ போதும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது. அதன் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவில் போட்டும் ஓட்டலாம், அதனால் அந்தக் கடைக்காரரின் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஜாஸ் என்ற கட்டண மென்பொருளும் நல்லதுதான். ஆனால் அலுவலக வேலைக்குத் தேவைப்பட்டால் அதை யோசிக்கலாம், நாளிதழுக்கும் மின்னஞ்சலுக்கும் அவசியமில்லை.

குரலுக்கு வருவோம். என்விடிஏயுடன் சேர்ந்தே ஈஸ்பீக் என்ஜி வருகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் அதில் உண்டு. முதல் தடவை கேட்டால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும், உங்கள் அப்பா முகம் சுளிப்பார். இது பிடிக்கவில்லை என்றால் விண்டோஸ் அமைப்புகளில் நேரம், மொழி பகுதிக்குப் போய்ப் பேச்சுக் குரல்களில் தமிழைச் சேருங்கள். ‘வள்ளுவர்’ என்ற ஆண் குரல் இறங்கும். மலாய்க்கு ‘ரிஸ்வான்’. இறக்கிய பிறகு இணையம் தேவையில்லை. என்விடிஏயில் இன்செர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம்.

இனிமையைப் பற்றி ஒரு விஷயம். பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு நண்பர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவர் கணினி பேசுவது எனக்கு ஜிங்க் கூரையில் மழை கொட்டுகிற மாதிரிதான் கேட்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. அவரோ அந்த வேகத்தில் ஒரு கடிதத்தை முடித்துவிட்டு, “ரெண்டாம் பத்தியில ஒரு கால் விட்டுப் போச்சு” என்பார். இவ்வளவு வேகத்தில் தகர டப்பா தெளிவாக இருக்கும், தேன் குரல்கள் குழறும். தவிர, அம்புக்குறியைத் தட்டியதுமே குரல் வர வேண்டும். அரை நொடி தாமதித்தால் நாள் முழுக்க எரிச்சல்தான். அப்பாவுக்கு இப்போது அந்த வேகம் வராது, வர வேண்டியதுமில்லை. மெதுவாகத் தொடங்கட்டும், ஆறு மாதம் கழித்து அவரே கூட்டுவார்.

இனிமையாகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் செலவில்லை. எட்ஜ் உலாவியில் நாளிதழ்ப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ அழுத்துங்கள். உரக்க வாசிக்கும் வசதியில் மலேசியத் தமிழ் என்றே ‘கனி’, ‘சூர்யா’ என இரண்டு குரல்கள் இருக்கின்றன. இணையம் வேண்டும், கணினியை ஓட்ட உதவாது, ஆனால் கட்டுரை கேட்கச் சுகம்.

எந்தக் குரலானாலும் கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி வாசகத்தை நம்பாதீர்கள். ‘கடை, அங்காடி, மகன்’ என்று அடித்துக் கேளுங்கள்: ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்க வேண்டும். அப்புறம் ‘மழை, மலை, மளிகை’. பிறகு ஒரு தொகை, ஒரு மலாய்த் தெருப்பெயர். தமிழாசிரியர் அல்லவா, அப்பாவே ஐந்து நிமிடத்தில் மதிப்பெண் போட்டுவிடுவார்.

அந்த 2,800இல் ஒரு பகுதியை நல்ல ஒயர் ஹெட்போனுக்கும், கணினி பழையது என்றால் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் மாற்றுவதற்கும் செலவழியுங்கள். குரல் தடுமாறுவதற்குப் பாதி காரணம் மெதுவான கணினி. பழகுவதற்கு ஆள் துணை வேண்டும்: பிரிக்பீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் பயிற்சி பற்றி விசாரியுங்கள். பினாங்குக்காரர்களுக்கு செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது. அப்பாவுக்கு ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தாகிவிட்டதா? அடிப்படை உதவிச் சாதனங்களுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு, பெற்றோருக்காக வாங்கினாலும் சரி. எது அதில் அடங்கும் என்று வரி வாரியத்திடம் கேட்டுவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தமிழ்க் குரல் போட்ட பிறகும் கோயில் அனுப்பும் பிடிஎஃப் அறிக்கையை என் தம்பியின் கணினி உளறுகிறது. குரல் கோளாறா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: குரல் பாவம், அதன்மேல் தப்பில்லை. இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வந்தால் அது பழைய எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். நகலெடுக்கவே முடியவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகிவிடும். கோயில் செயலாளரிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்வது இதைவிட எளிது.

கேள்வி: இலவச மென்பொருள் என்று தெரியாமல் 1,500 ரிங்கிட் கொடுத்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இலவச மென்பொருளுக்குக் காசு வாங்குவதே குற்றம் என்று சொல்ல முடியாது. நிறுவியதற்கும் சொல்லிக்கொடுத்ததற்கும் கூலி கேட்கலாம். தங்கள் சொந்தத் தயாரிப்பு என்றோ, வேறெங்கும் கிடைக்காது என்றோ சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதும், அவர்கள் வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளும் கையில் இருக்கட்டும்.