'அட்மின் ஒரு மாட்யூல் அல்ல' பிழை: பெயர் மோதல்தான்

நேம்ஸ்பேஸின் (கன்ட்ரோலர்களைச் சேர்த்து வைக்கும் உறை) பெயரை மாற்றுங்கள், பிழை போய்விடும். ஏற்காட்டு விடுதி முன்பதிவுத் தளத்தில் ரூம்ஸ் கன்ட்ரோலரை அட்மின் ஃபோல்டருக்குள் வைத்ததும் ரெயில்ஸ் (ரூபி மொழியின் வலைத்தள ஃப்ரேம்வொர்க்) இந்தப் பிழையைக் காட்டி நிற்கிறது என்கிறீர்கள். அநேகமாக உங்களிடம் அட்மின் என்றே ஒரு மாடலும் இருக்கும். லாகினுக்கு டிவைஸ் என்ற ஜெம் போடும்போது பலரும் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள். அது கிளாஸ். ஃபோல்டருக்காக அதே பெயரை மாட்யூல் என்று திறந்தால் ரூபி ஒப்பாது.

1. மாடல்ஸ் ஃபோல்டரில் அட்மின் கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான்.

2. நேம்ஸ்பேஸை 'மேனேஜ்' ஆக்கி, ரூட்ஸில் (முகவரிகளை வரையறுக்கும் கோப்பு) பாத் மட்டும் 'அட்மின்' என்று கொடுங்கள். பிரவுசர் முகவரி மாறாது. கன்ட்ரோலர், வியூ ஃபோல்டர்களையும் மாற்றுங்கள்.

3. டெர்மினலில் ஸெய்ட்வெர்க் (ரெயில்ஸில் கோப்புகளைத் தானே ஏற்றும் கருவி) செக் ஓட்டுங்கள். ஃபோல்டரும் கிளாஸ் பெயரும் பொருந்தாவிட்டால் அங்கேயே கத்தும்.

அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட். ஸ்டிமுலஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் கன்ட்ரோலரையும் மேனேஜ் ஃபோல்டருக்குள் நகர்த்தினால், ஹெச்டிஎம்எல்லில் அதன் பெயர் இரட்டை ஹைஃபனோடு 'மேனேஜ்--ரூம்ஸ்' ஆகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குச் செய்தபோது நான் ஒற்றை ஹைஃபன் போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்தேன். பட்டன் அசையவில்லை, கன்சோலில் ஒரு வரி பிழையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: நேம்ஸ்பேஸ் என்பது பூட்டு இல்லை. லாகின் சோதனையை மேனேஜுக்குள் ஒரு பேஸ் கன்ட்ரோலரில் வைத்து, மற்றவை அதிலிருந்தே வரட்டும். ஒன்று தவறி அப்ளிகேஷன் கன்ட்ரோலரிலிருந்து வந்தாலும் அந்தப் பக்கம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும்.