துண்டுச்சீட்டும் பிஸ்டன் செட்டும்: பழைய பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றியவை. மீதியில் பெரும்பகுதி பழைய புல்லட். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100, ‘1999 மாடல், ஒரே கை’ என்று ஒருவர் 95,000 ரூபாய் சொல்கிறார். வாங்கி வீட்டிலேயே பிரித்துச் செய்யலாம் என்று ஆசை. வாங்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அது ஆர்எக்ஸ் 100 ஆக இருக்க வாய்ப்பே குறைவு. 1985-ல் வந்த அந்த வண்டியின் உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. பிறகு ஓடியவை ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135. டேங்க், சைடு கவர், ஸ்டிக்கர் மூன்றையும் மாற்றினால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆர்.சி. புத்தகத்தில் சிசி என்ன என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 100 என்றால் 98 இருக்கும். 132 என்றிருந்தால் அது வேறு வண்டி, அதற்கு விலையும் வேறு.

அடுத்து, ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பர். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் தேய்த்த தடம், புட்டி, அங்கே மட்டும் தடிமனான பெயின்ட், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள். பதிவு எதுவரை உயிரோடு இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பிஸ்டன் பின் சர்கிளிப் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி போடலாமா? (கரூர்)

பதில்: கூடாது. பிஸ்டன் பின் வெளியே நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்தான் சர்கிளிப். ஒருமுறை கழற்றினால் அது விறைப்பை இழந்துவிடும். அது கழன்றால் சிலிண்டர் போச்சு.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் துளையை 0.50 மி.மீ. பெரிதாகக் கடைந்து, அதாவது 0.50 ஓவர் சைஸ் போர் போட்டுப் புது பிஸ்டன் செட் மாட்டினேன். 140 கிலோமீட்டரில் ஜாம். லேத்காரர் பிஸ்டன் மேல் பழி போடுகிறார், கடைக்காரர் லேத் மேல். யாரிடம் பணம் கேட்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: பிஸ்டனைக் கழற்றி, கழுவாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். யார் தவறு என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

நான்கு மூலையிலும் நெட்டுக்கோடாக உரசியிருந்தால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி போதவில்லை. லேத்தில் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது இன்ஜின் சூடேறும் முன்பே நீங்கள் முறுக்கியிருக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உருகி இழுபட்டிருந்தால் காற்று அதிகமாகி, பெட்ரோல் குறைந்து, சூடு தாங்கவில்லை. கிராங்க் ஆயில் சீல், ரீட் பிளாக் பேக்கிங், கார்புரேட்டர் சேரும் ரப்பர், மெயின் ஜெட் எல்லாவற்றையும் பாருங்கள். இன்லெட் பக்கம் மட்டும் உரசல் என்றால் ஆயில் வரவில்லை. ரிங் உடைந்து, சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளையான போர்ட்டின் விளிம்பில் கீறல் இருந்தால், போர் போட்டபின் விளிம்பை மழுக்காமல் விட்டிருக்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் கூரான விளிம்பு ரிங்கைக் கத்திபோலப் பிடிக்கும். நாலுசக்கர வண்டி வேலையே பார்த்துப் பழகிய லேத்தில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் தவறு. போர் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். முறை தலைகீழ். முதலில் பிஸ்டன், பிறகுதான் போர். ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ., ஆகவே பெட்டியில் 0.50 என்றால் 50.50 என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் பிஸ்டன் அதைவிடச் சின்னதாக இருக்கும், எவ்வளவு சின்னது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாவாடைப் பகுதியின் கீழ்ப்புறம், பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். அந்த அளவோடு, பிஸ்டன் பெட்டியில் வரும் தாளில் உள்ள இடைவெளியைக் கூட்டி, அதுவரைதான் போர் போடச் சொல்ல வேண்டும்.

லேத்திலிருந்து சிலிண்டரைத் திரும்ப வாங்கும்போது, துளையின் உள்ளளவு காட்டும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆறு எண்களும் நூறில் ஒரு மி.மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சிலிண்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ரிங்கை மட்டும் உள்ளே விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 50 மி.மீ. போருக்கு 0.15 முதல் 0.35 வரை சரி. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம்.

அந்த ஆறு எண்களும் ஒரு தாளில் எழுதி உங்கள் கையில் இருந்திருந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்வியே வந்திருக்காது. பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் இருப்பதால், இரண்டையும் வேறொரு லேத்தில் அளந்து எழுதி வாங்குங்கள். உரசல் படாத இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘முழு ரெஸ்டோரேஷன், 10 நாள், 35,000 ரூபாய்’ என்ற விளம்பரத்தை நம்பலாமா? (சேலம்)

பதில்: நம்பாதீர்கள். பெயின்ட்டுக்கு அடியில் துரு அப்படியே இருக்கும். ஃபில்லரும் பிரைமரும் ஒழுங்காகக் காய்ந்து இறுகவே அந்தப் பத்து நாளில் பாதி வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட் 350-ஐ நானும் தம்பியும் வீட்டில் பிரித்துச் செய்தோம். மொத்தக் கடையில் கிராங்க் செட், பிஸ்டன், பேரிங் எல்லாம் 18,500 ரூபாய்க்கு வாங்கினோம். 600 கிலோமீட்டரில் கீழே தட்டும் சத்தம். பிரித்தால் கனெக்டிங் ராடில் ஆட்டம். ‘எஸ்டிமேட் சீட்டுக்கு வாரன்டி கிடையாதும்மா’ என்கிறார் கடைக்காரர். (கோவை வாசகி)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கடைக்காரர் சொல்வது சட்டப்படி செல்லாது, மனசாட்சிப்படியும் செல்லாது.

பல வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. சென்னை புதுப்பேட்டை ஆகட்டும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆகட்டும், ஒவ்வொரு ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் தெருவாகட்டும், நல்ல கடைகள் உண்டு. ஆனால் கடையின் பெயர்கூட இல்லாத ஒரு தாளில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதி, கூட்டித் தொகை போட்டு, கிழித்துக் கொடுப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. பில் கேட்டால் ‘ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா ஆகும், பரவாயில்லையா?’ என்பார்கள். வாங்குகிறவர் பயந்து சீட்டோடு போய்விடுவார். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. பொட்டலத்தில் விலையோ, செய்தவர் பெயர் முகவரியோ, மாதம் வருடமோ இல்லையா? அதை வாங்கவே வேண்டாம். அதே தெருவில் அச்சடித்த பெட்டியும் ஹாலோகிராமும் தனியாகக் கிடைக்கும் காலம் இது. பெட்டியைப் பார்த்து ஒரிஜினல் என்று முடிவு செய்வதும் போதாது, பில் வேண்டும். சீட்டை நம்பி நான் வாங்கிய ஒரு கிளட்ச் செட்டும் ஒரு மேக்னெட்டோ காயிலும் பழைய இரும்புக்குத்தான் போயின. எந்தக் கடை என்று நிரூபிக்கக் கையில் எதுவும் இல்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ராடை மேல் முனையில் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்து, அதை வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைக் காட்டினால் கடைக்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மேல்-கீழ் ஆட்டம்தான் குறை. அடுத்து அவர் ‘ஆயில் போகல, நீங்க மாட்டினது சரியில்ல’ என்பார். ஆகவே டைமிங் கவரில் கிராங்குக்கு ஆயில் நுழையும் இடத்துச் சின்ன சீல் சரியாக உட்கார்ந்திருப்பதையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். அந்த சீல் இல்லாமலோ மடங்கியோ இருந்தால் புது ராடும் இதே கதிக்கு ஆளாகும். அப்படி இருந்தால் வழக்கு பலவீனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணத்தை ஜிபேயில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அதுதான் உங்கள் ரசீது. கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்: வாங்கிய தேதி, தொகை, குறை, 15 நாள் அவகாசம். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள் அம்மா.

கேள்வி: வயது 22. புல்லட்டின் பின்பக்க பிரேமை வெட்டி கஃபே ரேசர் ஆக்க, பின்னால் 140 டயர் போட, ஒரு கடை 60,000 கேட்கிறது. அட்வான்ஸ் 20,000 கொடுத்துவிட்டேன். சரிதானே அண்ணா? (மதுரை வாசகர்)

பதில்: கொடுத்தபின் கேட்கிறீர்களே தம்பி. பிரேமை வெட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இதைத்தான்.

டயர் கணக்கும் தப்பு. உங்கள் வண்டிக்கு வந்தது 3.25-19 டயர், அதற்கேற்ற ஒல்லியான ரிம். 140 டயருக்கு ரிம் அகலம் குறைந்தது 3.50 அங்குலம் வேண்டும். ஒல்லி ரிம்மில் மாட்டினால் டயர் பலூன்போல வளைந்து, திருப்பத்தில் விளிம்பு தரையில் பதியாது. ஸ்விங் ஆர்மிலும் செயினிலும் உரசும். வேலை தொடங்காவிட்டால் அட்வான்ஸை இன்றே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். ஆசை தீர, போல்ட்டில் கழற்றி மாட்டும் ஒற்றை சீட், வேறு மட்கார்டு போதும். டேங்கின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும் புதிதாக குரோம் போட்டேன். ஆறே மாதத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு. கடற்காற்றுதான் காரணமா? (நாகப்பட்டினம்)

பதில்: காற்றின் மேல் பழி போடுவது பூச்சுப் பட்டறையின் வழக்கமான பதில். குரோம் என்பது மேலே பளபளக்கும் அரை மைக்ரான்கூட இல்லாத படலம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. துருவைத் தடுப்பது அடியிலுள்ள நிக்கல்தான். வெளியில் நிற்கும் வண்டிக்கு அது 20 முதல் 30 மைக்ரான் வேண்டும். நிக்கல் தொட்டியில் நேரத்தைக் குறைத்தால் செலவு குறையும், பளபளப்பு குறையாது. அதனால் வாங்கும்போது கண்டுபிடிக்க முடியாது. நானும் ஒரு ஜோடி ரிம்மில் இப்படித்தான் இழந்தேன். அடுத்த முறை நிக்கல் தடிமனையும் ஒரு வருடப் பொறுப்பையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஆக்சிலுக்கும் பிரேக் போல்ட்டுக்கும் குரோம் போடாதீர்கள். பூச்சின்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, உறுதியான எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

கேள்வி: டேங்க் உள்ளே துரு. ஹார்டுவேர் கடை ஆசிட் ஊற்றலாமா? (விழுப்புரம்)

பதில்: வேண்டாம். அது துருவோடு தகரத்தையும் தின்னும். பெட்ரோல் காக்கைக் கழற்றித் துளையை அடைத்து, சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள், எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு லிட்டருக்கு 100 கிராம் வீதம் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீர், விளிம்பு வரை, ஓர் இரவு. பத்து லிட்டர் டேங்குக்கு ஒரு கிலோ ஆகும். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். அரைமணி நேரம் ஈரமாக விட்டால் மறுபடி மஞ்சள் பூக்கும். உலர்ந்ததும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) கலந்த கொஞ்சம் பெட்ரோலை உள்ளே சுழற்றுங்கள்.

கேள்வி: கிராங்க் பேரிங்குக்கு அதே நம்பர்தான், ஆனால் சி3 என்ற எழுத்து இல்லாமல் 80 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. (ராணிப்பேட்டை)

பதில்: சி3 உள்ளதையே வாங்குங்கள். உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி என்று அர்த்தம். கிராங்க் சூட்டில் சாதாரண பேரிங் இறுகிவிடும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-ல் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலக்கச் சொல்கிறார் மெக்கானிக். (தஞ்சாவூர்)

பதில்: பம்ப் வேலை செய்தால் தொடாதீர்கள். முறுக்கலுக்கு ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பெட்ரோலில் கலந்தால் அது முடியாது. இன்ஜின் இறக்கி ஏற்றியபின் பம்பின் காற்று ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு இறுக்குங்கள். குழாயில் காற்று தங்கியிருந்தாலும் பாதுகாப்பாக இருக்க, முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் பெட்ரோலிலும் சேருங்கள். புகை கொஞ்சம் அதிகம் வரும். டேங்க் தீர்ந்ததும் நின்றுவிடும்.