வேலியோரத்து முள்செடியை அழிக்கலாமா?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் பெரியப்பா வழியில் எங்களுக்கு 70 சென்ட் செம்மண் தோட்டம் வந்திருக்கிறது. மேற்கு வரப்பு நெடுக ஆள் உயரத்துக்கு ஒரு முள்செடி. கிளையை ஒடித்தால் பால் வடிகிறது. பூ வெள்ளை, மல்லிகை போல வாசம். காய் கொத்துக் கொத்தாகச் சிவந்து, பிறகு கறுக்கிறது. மூலையில் ஒன்று மட்டும் முள் இல்லாமல் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. போன வாரம் என் பையன் முள்செடியின் கறுத்த பழத்தைத் தின்றுவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. பால் வடிந்தால் விஷம்தான் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். களைக்கொல்லி அடித்து அழித்துவிட்டுக் கம்பிவேலி போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர். இது என்ன செடி, அழித்துவிடலாமா?

பதில்: முள்செடி இருக்கட்டும். மூலையில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, முதலில் அதைப் பாருங்கள். இலை ஒடுங்கி நீண்டு பளபளப்பாக, பூ புனல் போல, காய் பச்சை உருண்டையாக நடுவே ஒரு மேடு தட்டி இருந்தால் அது மஞ்சள் அரளி. அதன் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். பழம் பறித்துத் தின்கிற வயதில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்தச் செடி வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுத்து, கீழே கிடக்கும் கொட்டைகளையும் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுங்கள். விறகாக எரிக்க வேண்டாம், ஆட்டுக்கும் போட வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல், காயையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வரிசையாக நிற்கும் முள்செடி, நீங்கள் சொன்ன அடையாளப்படி, களாக்காய். சில ஊர்களில் கிளாக்காய் என்பார்கள். உறுதி செய்துகொள்ள ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, தடித்து, முட்டை வடிவில் இருக்கும். முள்ளும் ஜோடி ஜோடியாக நிற்கும். சில முள் நுனியில் கவை பிரிந்திருக்கும். கறுத்த பழத்தை அறுத்தால் சிவந்த சதைக்குள் தட்டையான சின்ன விதைகள் பல தெரியும். மஞ்சள் அரளியிலோ பெரிய கெட்டிக் கொட்டை ஒன்றுதான். முள்ளும் ஜோடியாக இருந்து பழம் மஞ்சளாக இருந்தால் அது காரை. கணுவுக்கு நான்கு முள்ளும் வெள்ளைப் பழமும் என்றால் சங்கஞ்செடி. இவை இரண்டிலும் பால் வராது.

பால் வடிந்தால் விஷம் என்றால் பலா, சப்போட்டா, அத்தி எதையும் நாம் தொடக்கூடாது. ஆனாலும் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். களாவும் அரளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். பையனிடமும் சொல்லி வையுங்கள்: இந்த முறை தப்பித்தான், தெரியாத பழத்தை வாயில் போட்டுப் பார்ப்பது சோதனை இல்லை.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பெரியப்பா இதை ஏன் மேற்கு வரப்பில் வரிசையாக நட்டார்? தானாக முளைத்த செடி இப்படி வரப்புப் பிடித்து நிற்காது. அவர் வைத்துவிட்டுப் போனது உயிர்வேலி. ஆடுமாடு நுழையாது, காற்று தடுபடும், வரப்பு மண் மழையில் கரைந்து ஓடாது, அடியில் ஓணானும் குருவியும் தங்கிப் புழு பூச்சியைப் பார்த்துக்கொள்ளும். வறட்சியோ உவர் மண்ணோ, களா அசைந்து கொடுக்காது. வளர்ந்த செடிக்குத் தண்ணீர் காட்டத் தேவையில்லை, மூட்டை உரமும் தேவையில்லை. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். துருப்பிடித்ததும் மறுபடி செலவு. அது ஒரு பழமும் தராது. (மயிலுக்கு இரண்டும் ஒன்றுதான், பறந்து வந்துவிடும்.)

களைக்கொல்லி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. அடையாளமே தெரியாத செடிக்கு மருந்து சொல்கிறவர் தன் கடைச் சரக்கைத்தான் பார்க்கிறார். இத்தனை வருட வேர் உள்ள புதர் ஒரு தெளிப்பில் சாகாது. இலை கருகும், பிறகு அடியிலிருந்து தளிர்க்கும், நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள். காற்றில் பறக்கும் மருந்து கத்தரியிலும் வெண்டையிலும் விழுவது தனி நஷ்டம். யாரிடமிருந்து எந்த நிலம் கைக்கு வந்தாலும் முதல் வருடம் ஒரு செடியையும் பிடுங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. பூ, காய், மழை, கோடை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் அரளி மட்டும் இதற்கு விலக்கு.

வேலியில் சந்து விழுந்த இடங்களுக்கு நாற்று வாங்கவும் போகாதீர்கள். ‘செர்ரி’ என்று பெயர் சொல்லி எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் ‘செர்ரி’ பல இடங்களில் சாயம் போட்டுப் பாகில் ஊறிய களாக்காய்தான். உங்கள் செடியில் நன்றாகக் கறுத்த பழத்தைப் பிசைந்து விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே மண் நிரப்பிய நாற்றுப் பையில் விதைத்துவிடுங்கள். வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். முதல் வருடம் மெதுவாகத்தான் வளரும். அடுத்த ஐப்பசி மழையில் 2 முதல் 3 அடிக்கு ஒன்றாக நடுங்கள். பழைய செடிகளைக் காய்ப்பு முடிந்ததும் தலையைத் தட்டிவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் கிளைத்து அடைத்துக்கொள்ளும்.

ஊறுகாய்க்குக் காய் பருத்து, சிவக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். பறிக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அந்தப் பால் பிசின் மாதிரி ஒட்டும். காயை உப்புத் தண்ணீரில் அலசி, இரண்டாகக் கீறி விதையை எடுத்துவிட்டுப் போடுங்கள். கறுத்த பழத்தில் பாகைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருள் அதிகம், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஜாம் தானாகவே கெட்டிப்படும். மீந்ததை வாரச்சந்தைக்குக் கொண்டுபோகும்போது காயையும் பழத்தையும் ஒரே கூடையில் கலக்காதீர்கள். பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, நசுங்கிக் காயையும் கெடுத்துவிடும்.