'கிமி நோ நா வா' வெறும் காதல் படம்தானே, அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் பாதியோடு எழுந்து போயிருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். பதிலுக்கு முழுக்கதையும் தேவைப்படுகிறது, அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மகோட்டோ ஷின்காய் எழுதி இயக்கி 2016-ல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் இது. மலையூர்ப் பெண் மிட்சுஹாவும் டோக்கியோப் பையன் டாக்கியும் தூங்கி எழுந்தால் ஒருவர் உடம்பில் இன்னொருவர் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் சிரிப்பும் கூத்துமாகப் போகிறது. பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. நினைவிலிருந்து வரைந்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு டாக்கி ஹிடா மலைப்பகுதியில் அவளைத் தேடி அலைகிறான். அவன் வரைந்திருப்பது அவளுடைய ஊரான இட்டோமோரி என்று ஒரு ராமென் நூடுல்ஸ் கடையில் தெரியவருகிறது. ஆனால் அந்த ஊர் இப்போது இல்லை. 2013 அக்டோபர் 4 இரவு டியாமட் வால்நட்சத்திரத்தின் துண்டு ஒன்று விழுந்து ஊர் அழிந்துவிட்டது. இறந்தவர்கள் சுமார் 500 பேர். நூலகத்தில் அந்தப் பட்டியலைப் புரட்டுகிறான். மிட்சுஹா, வயது 17.

நம் படங்களில் காதலுக்குக் குறுக்கே அப்பா நிற்பார், சாதி நிற்கும். இங்கே நிற்பது மூன்று வருஷம்: அவள் இருந்தது 2013-ல், அவன் இருப்பது 2016-ல். அவன் காதலித்த பெண் ஏற்கெனவே செத்துப்போனவள்.

இதைவிட என்னை அதிகமாக உலுக்கியது வேறொன்று. அந்த இரவில் டாக்கியும் டோக்கியோவில் இருந்துகொண்டு அதே வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. மறுநாள் செய்தியும் கேட்டிருப்பான். மூன்றே வருஷத்தில் ஊரின் பெயர்கூட நினைவில் இல்லை. இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் மறப்பதைக் காதல் சோகமாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு நாடு தன் பேரழிவை மறப்பதாகவே தெரிந்தது.

இது என் கற்பனை மட்டுமல்ல. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் வடகிழக்குக் கரையை அழித்த சில மாதங்களில் ஷின்காய் மியாகி மாகாணத்து நட்டோரிக்குப் போயிருக்கிறார். இது என் ஊராக இருந்திருந்தால் என்று அங்கே தோன்றியதிலிருந்து பிறந்த படம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே கரையில் கி.பி. 869-லும் பெரிய சுனாமி வந்தது. அது விட்டுச்சென்ற மணல் படிவுகளை ஆய்வாளர்கள் 2011-க்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். படத்து வால்நட்சத்திரம் 1,200 வருஷத்துக்கு ஒருமுறை வருவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இட்டோமோரி கோயில் சடங்குகளும் அப்படித்தான். எதற்காகச் செய்கிறோம் என்று எழுதிவைத்திருந்த ஏடுகள் என்றோ ஒரு தீயில் போய்விட்டன. மிட்சுஹாவின் பாட்டி சடங்கை மட்டும் விடாமல் நடத்துகிறாள். குகைக்குள் பாறையில் வால்நட்சத்திரம் வரைந்திருக்கிறது, எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. நிஜத்தில் இவாத்தே மாகாணத்து அனேயோஷியில் 1933 சுனாமிக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று ஒரு கல் நட்டார்கள். அந்த ஊர் கேட்டது. 2011 அலை கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, வீடுகள் தப்பின.

அப்புறம் அந்த ஒலிபெருக்கிக் காட்சி. ஊர் அழியும் நாளுக்கே டாக்கி மறுபடி மிட்சுஹாவின் உடம்பில் போய் எழுந்து, எல்லோரையும் வெளியேற்றப் பார்க்கும் இடம். மிட்சுஹாவின் தோழி ஊர் ஒலிபெருக்கியைக் கைப்பற்றி, பள்ளிக்கூடத்துக்குத் தப்பிப் போங்கள் என்று அறிவிக்கிறாள். 2011-ல் மினாமிசன்ரிக்கு நகர அலுவலகத்தில் ஒரு இளம்பெண் ஊழியர் அப்படித்தான் அறிவித்துக்கொண்டே இருந்தார், அலை அவரைக் கொண்டுபோகும் வரை. அது தெரிந்த ஜப்பானியர் திரையரங்கில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசியுங்கள்.

ஓட்டைகளும் உண்டு. இத்தனை நாள் உடம்பு மாறியும் கைப்பேசியில் வருஷத்தை இருவருமே கவனிக்கவில்லையாம்! ஊரைக் காலிசெய்ய மேயரான அப்பாவை மிட்சுஹா கடைசியில் எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்பதையும் காட்டாமல் வெட்டிவிடுகிறார்கள். மொத்தப் படத்தின் முடிச்சும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஊரைக் காப்பாற்றிவிடுவதுபோல் முடித்தது சரியா, நிஜத்தில் போனவர்கள் போனவர்கள்தானே என்ற விமர்சனம் ஜப்பானிலேயே எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரையே பறிகொடுத்தவர்களுக்கு, ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சொல்ல முடிந்திருந்தால் என்ற நினைப்பு வராமலா இருக்கும்? படம் அந்த நினைப்பை ஒருமுறை நடத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஷின்காயும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2019-ல் வந்த 'டென்கி நோ கோ'வில் காதலியை மீட்கிறான் நாயகன், அதற்கு விலையாக டோக்கியோவின் பல பகுதிகள் மழையில் மூழ்கியே கிடக்கின்றன. 2022-ன் 'சுசுமே'யில் வால்நட்சத்திரம் போன்ற மறைப்பெல்லாம் இல்லை, 2011 மார்ச் 11 பேரழிவே நேரடியாக வருகிறது, இறந்த அம்மாவும் திரும்பி வருவதில்லை. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது 'சுசுமே'தான். கொண்டாட்டம் ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை என்றால் முதலில் அதைப் பார்த்துவிட்டு இதற்கு மறுபடி வாருங்கள்.